கியர் சைக்கிளுக்கு என்ன கோபம்?

போன வாரம் இந்தப் பக்கத்தில், தையல் மெஷினில் நூல் அறுந்து கொண்டே இருந்தால் என்ன செய்வது என்று எழுதியிருந்தேன் அல்லவா? அதைப் படித்துவிட்டு என் அக்கா டெலிபோன் செய்தாள். பாராட்டத்தான் கூப்பிடுகிறாள் என்று நினைத்துக் கொஞ்சம் அடக்கமாகவே "ஹலோ" சொன்னேன்.

"ஊருக்கெல்லாம் ரிப்பேர் சொல்லிக் கொடுக்கிறாயே, இங்கே இவள் மேம்பாலத்தில் விழுந்து முட்டியைச் சிராய்த்துக்கொண்டு வந்து நிற்கிறாள். அந்தக் கியர் சைக்கிளுக்கு என்ன கேடு என்று வந்து பாரேன்!" என்றாள் அக்கா.

போய்ப் பார்த்தேன். முழங்காலில் பஞ்சும் பிளாஸ்திரியுமாக உட்கார்ந்திருந்தாள் அக்கா பெண். பத்தாவது படிக்கிறாள். டியூஷன், லைப்ரரி, சிநேகிதி வீடு எல்லாவற்றுக்கும் அந்தச் சைக்கிள்தான் அவளுக்கு வாகனம். மேம்பாலத்தில் பாதி ஏறியதும் மூச்சு வாங்கியிருக்கிறது. 'லேசான கியர் போடலாம்' என்று லீவரை அழுத்தியிருக்கிறாள். 'கடகட' என்று ஒரு சத்தம். பின்சக்கரம் அப்படியே பூட்டிக்கொண்டு நின்று விட்டது. சைக்கிள் ஒரு பக்கம், இவள் ஒரு பக்கம். பின்னால் வந்த தண்ணீர் லாரி டிரைவர் புண்ணியவான். சரியான சமயத்தில் பிரேக் போட்டு விட்டார்.

"இந்தக் கியரும் வேண்டாம், கிரகசாரமும் வேண்டாம். நாளையிலிருந்து பழையபடி வேனிலேயே போகட்டும்" என்று தீர்ப்புச் சொல்லி விட்டார் அத்தான். பெண்ணின் கண்ணில் நீர் முட்டிக்கொண்டு நின்றது. முழங்கால் வலியினால் அல்ல என்பது எனக்குத் தெரியும்.

சைக்கிளைத் தள்ளிக்கொண்டு எனக்குத் தெரிந்த ஒரு வயதான மெக்கானிக்கிடம் போனோம். அவர் சைக்கிளைத் தொடக்கூட இல்லை. பின்பக்கமாகப் போய்க் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு, அரை நிமிஷம் பார்த்தார். பிறகு, "பாப்பா, இது எப்பவாவது வலது பக்கமா கீழே விழுந்துதா?" என்று கேட்டார்.

விழுந்துதான் இருக்கிறது! ஒரு மாதத்துக்கு முன்பு, மாடிக் குடியிருப்பின் கீழே நிறுத்தியிருந்தபோது யாரோ ஸ்கூட்டரை எடுக்கையில் இடித்துத் தள்ளி விட்டார்கள். அன்றிலிருந்துதான் கியர் சரியாக விழவில்லையாம். தெருக்கோடிக் கடையில் காட்டியதற்கு, "லீவர் போயிடுச்சு" என்று புது லீவர் போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். பழையது ஏழு கியர் லீவர், புதியது ஒன்பது! ஏழை விட ஒன்பது உசத்திதானே என்று அக்காவும் சந்தோஷமாகப் பணம் கொடுத்திருக்கிறாள். அதற்குப் பிறகு சைக்கிளின் கோபம் இரண்டு மடங்காகி விட்டது.

அந்தக் கோபத்தின் காரணத்தை அன்று ஒரு மணி நேரம் உட்கார்ந்து தெரிந்துகொண்டேன். உங்கள் வீட்டிலும் ஒரு கியர் சைக்கிள் இருக்கலாம். அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் அது வேலை செய்கிற விதத்தைப் பாருங்கள். பின்சக்கரத்தின் நடுவில் சிறிதும் பெரிதுமாகப் பல்சக்கரங்களை அடுக்கியிருக்கிறார்கள். அதன் கீழே ஒரு கை தொங்குகிறது. அந்தக் கையில் இரண்டு குட்டிப் பல்சக்கரங்கள். செயின் அவற்றின் வழியாக வளைந்து வருகிறது. இந்தக் கைக்குத்தான் 'டீரெய்லர்' என்று பெயர். பிரெஞ்சு வார்த்தை, தடம் புரளச் செய்வது என்று அர்த்தம். ரயில் தடம் புரண்டால் விபத்து. இங்கேயோ செயினை ஒரு தடத்திலிருந்து புரட்டி அடுத்த தடத்தில் போடுவதே அதன் உத்தியோகம்!

ஹேண்டில்பாரில் உள்ள லீவரை அழுத்தினால் மெல்லிய வயர் இழுபடுகிறது. கை சக்கரத்தின் உள்பக்கம் நகர்ந்து செயினைப் பெரிய பல்சக்கரத்தில் ஏற்றுகிறது. பெரியதில் ஏறினால் மிதிப்பது லேசு. மேம்பாலத்துக்கு அதுதான் வேண்டும். எதிர்ப்பக்க லீவரை அழுத்தினால் வயர் தளர்கிறது. உடனே கையில் உள்ள ஸ்பிரிங் அதை வெளிப்பக்கம் இழுத்துச் சிறிய பல்சக்கரத்துக்குக் கொண்டு வருகிறது. அவ்வளவுதான் கதை. டீரெய்லருக்குச் சொந்த மூளை கிடையாது. வயர் எவ்வளவு இழுக்கிறதோ அவ்வளவு நகரும். ஒரு நூல் கூடவும் நகராது, குறையவும் நகராது.

இவ்வளவு சாதுவான சாமானுக்கு ஒரு காலத்தில் எவ்வளவு எதிர்ப்பு தெரியுமா? பிரான்சில் சேந்த் எத்தியேன் என்ற ஊரில் பால் தெ விவி என்று ஒருவர் இருந்தார். நம் இனந்தான், சைக்கிள் பத்திரிகை நடத்தியவர். 'வெலோசியோ' என்பது அவர் புனைபெயர். மலை ஏறப் பல கியர்கள் வேண்டும் என்று அவர் ஓயாமல் எழுதிக்கொண்டிருந்தார். ஆனால் புகழ் பெற்ற 'டூர் தெ பிரான்ஸ்' பந்தயத்தில் 1937 வரையில் டீரெய்லரை அநுமதிக்கவில்லை. அதுவரை போட்டியாளர்கள் மலையடிவாரத்தில் இறங்கி, பின்சக்கரத்தைக் கழற்றி, மறுபக்கத்திலுள்ள பெரிய பல் வருகிற மாதிரி திருப்பிப் போட்டுக்கொண்டு ஏறுவார்களாம்!

பழைய கியர் லீவரில் படி கிடையாது. வானொலியில் ஸ்டேஷன் பிடிப்பதுபோல, முன்னும் பின்னும் திருகிச் சத்தம் அடங்குகிற இடத்தில் நிறுத்த வேண்டும். 1984-இல் ஜப்பானின் ஷிமானோ கம்பெனி, அழுத்தினால் 'டக்' என்று ஒரே படி நகருகிற முறையைப் பந்தய சைக்கிளில் கொண்டு வந்தது. அதன் பிறகு அதுவே எல்லாச் சைக்கிள்களுக்கும் பரவி விட்டது. 'டக்' என்பது சௌகரியந்தான். ஆனால் அந்தச் சௌகரியத்தோடு ஒரு நிபந்தனையும் வந்து சேர்ந்தது.

அது என்ன நிபந்தனை என்று உங்களுக்குச் சொல்லவா வேண்டும்? ரவிக்கையில் கொக்கி தைத்திருப்பீர்களே! கொக்கிகளை ஓர் இடைவெளியிலும், வளையங்களை வேறோர் இடைவெளியிலும் தைத்தால் என்ன ஆகும்? முதல் கொக்கி மாட்டும். இரண்டாவது இழுத்துப் பிடித்தால் மாட்டும். கடைசிக் கொக்கி எங்கேயோ நிற்கும், வளையம் எங்கேயோ நிற்கும். லீவரின் ஒவ்வொரு 'டக்'கும் ஒரு கொக்கி. பின்னால் உள்ள ஒவ்வொரு பல்சக்கரமும் ஒரு வளையம்.

கணக்காகவே சொல்கிறேன். ஷிமானோ முறையில் ஏழு பல்சக்கர அடுக்கில், ஒரு பல்லின் நடுவிலிருந்து அடுத்த பல்லின் நடுவுக்குச் சுமார் 5 மில்லிமீட்டர். எட்டில் 4.8. ஒன்பதில் ஏறக்குறைய 4.35. அதே அகலத்துக்குள் அதிகப் பற்களை நெருக்கி வைப்பதால் இடைவெளி குறைந்துகொண்டே போகிறது. ஒன்பது கியர் லீவர் ஒரு 'டக்'குக்குக் கையை 4.35 மில்லிமீட்டர்தான் நகர்த்தும். ஏழு பல் சக்கரத்துக்கோ 5 வேண்டும். ஒரு படிக்கு 0.65 குறைவு. ஆறு படி ஏறுவதற்குள் 3.9 மில்லிமீட்டர் குறைந்து விடுகிறது; கிட்டத்தட்ட ஒரு முழுப் பல்! இதை எந்த மெக்கானிக் எத்தனை நாள் திருகினாலும் சரி செய்ய முடியாது. முதல் பல்லுக்குச் சரி செய்தால் கடைசிப் பல் பிசகும். கடைசிக்குச் சரி செய்தால் முதல் பிசகும். அக்கா பணம் கொடுத்து வாங்கியது உசத்தியான லீவர் அல்ல. இடைவெளி மாறித் தைத்த கொக்கி வரிசை.

சரி, பழுதைக் கண்டுபிடிக்கிற வழிக்கு வருவோம். வயதான மெக்கானிக் சொல்லிக் கொடுத்த வரிசை இது. வரிசையை மாற்றாதீர்கள். கியர் சரியில்லை என்றவுடன் எல்லாரும் முதலில் திருப்புளியைத் தூக்கிக்கொண்டு டீரெய்லரில் உள்ள ஸ்க்ரூக்களைத் திருகுகிறார்கள். அதுதான் பெரிய பிசகு.

முதலாவது, பார்ப்பது. சைக்கிளின் பின்னால் உட்கார்ந்து, ஒற்றைக் கண்ணால் பாருங்கள். டீரெய்லரின் இரண்டு குட்டிச் சக்கரங்களும், அவற்றுக்கு மேலே உள்ள பல்சக்கரமும் செங்குத்தாக ஒரே கோட்டில் இருக்க வேண்டும். கீழ்ச் சக்கரம் உள்பக்கமாக, ஸ்போக்ஸ் கம்பிகளை நோக்கிச் சாய்ந்திருந்தால், டீரெய்லர் தொங்குகிற 'ஹாங்கர்' என்ற காது வளைந்திருக்கிறது. வலது பக்கமாக விழுகிற சைக்கிளுக்கு இது சகஜம். அநேக அலுமினியச் சைக்கிள்களில் அந்தக் காதைக் கழற்றி மாற்றும்படி வைத்திருக்கிறார்கள். விழுந்தால் சட்டம் உடையாமல் காது வளையட்டும் என்பது ஏற்பாடு. ஆகையால் அது வளைந்தால் கோபித்துக் கொள்ளாதீர்கள். அதன் கடமையைச் செய்திருக்கிறது.

ஆனால் வளைந்தது தெரிந்த பிறகு சைக்கிளை ஓட்டாதீர்கள். காது நேராக இருந்தபோது டீரெய்லர் எங்கே நிற்க வேண்டும் என்று எல்லை கட்டியிருந்தார்களோ, அந்த எல்லை இப்போது ஸ்போக்ஸ் கம்பிகளுக்குள் போய் விட்டது. பெரிய பல்லுக்கு மாற்றினால் கை கம்பிகளுக்குள் புகுந்துகொள்ளும். சக்கரம் பூட்டிக்கொள்ளும். மேம்பாலத்தில் நடந்தது அதுதான். ஒரு மாதமாகக் 'கடகட' என்று சைக்கிள் முறையிட்டுக்கொண்டு இருந்திருக்கிறது. யாரும் அதன் பின்னால் உட்கார்ந்து பார்க்கவில்லை.

இரண்டாவது, வயர். காது நேராக இருந்தும் கியர் சண்டித்தனம் செய்தால், எந்தப் பக்கம் போக மறுக்கிறது என்று கவனியுங்கள். பெரிய பல்லுக்கு ஏறத் தயங்கினால் வயர் தளர்ந்திருக்கிறது. புது வயர் போட்ட சில வாரங்களில் இது நடக்கும். உறையும் முனைகளும் அழுந்தி உட்காருவதால் ஏற்படுகிற தளர்ச்சி. பயப்பட வேண்டியதில்லை. சிறிய பல்லுக்கு இறங்கத் தயங்கினால் வயர் அளவுக்கு மேல் இறுகியிருக்கலாம். அல்லது உறைக்குள் துருவும் அழுக்கும் சேர்ந்திருக்கலாம். இறக்குவது ஸ்பிரிங்கின் வேலை அல்லவா? துருப்பிடித்த வயரை இழுக்க அதற்குப் பலம் போதாது. நம் ஊர் மழைக்கும் கடற்காற்றுக்கும் வயர் துருப்பிடிப்பதைச் சொல்ல வேண்டியதே இல்லை. அந்த மாதிரி வயருக்கு எண்ணெய் விட்டுச் சமாளிப்பதைவிட, உறையோடு சேர்த்து மாற்றி விடுவது நல்லது. செலவும் அதிகம் ஆகாது.

மாற்றும்போது ஒரு சங்கதியை மறந்து விடாதீர்கள். கியர் வயரின் உறை வேறு, பிரேக் வயரின் உறை வேறு. பிரேக் உறையில் கம்பி ஸ்பிரிங் மாதிரி சுற்றியிருக்கும். கியர் உறையில் கம்பிகள் நீளவாட்டில் ஓடும். 'ஒரே மாதிரிதானே இருக்கிறது' என்று கியர் உறையைப் பிரேக்குக்குப் போட்டு விட்டால், அவசரத்தில் பிரேக்கை அழுத்தும்போது அது பிளந்து விடக்கூடும். வேண்டவே வேண்டாம்.

மூன்றாவதாகத்தான் திருகுவது. அதிலும் முதலில் ஸ்க்ரூ அல்ல. டீரெய்லருக்குள் வயர் நுழைகிற இடத்தில், விரலால் திருகும்படி ஒரு சிறு உருளை இருக்கும். பெரிய பல்லுக்கு ஏறவில்லையா? சைக்கிளின் பின்னாலிருந்து பார்த்து, உருளையைக் கடிகார முள் சுற்றுவதற்கு எதிர்ப்பக்கமாக அரைச் சுற்றுத் திருகுங்கள். வயர் இறுகும். பெடலைக் கையால் சுற்றிக் கியர் மாற்றிப் பாருங்கள். போதாவிட்டால் இன்னும் அரைச் சுற்று. சிறிய பல்லுக்கு இறங்கவில்லை என்றால் மறுபக்கம். ரசத்துக்கு உப்புப் போடுகிற மாதிரி. கொஞ்சமாகப் போட்டு, ருசி பார்த்து, மறுபடியும் கொஞ்சம்.

நான்காவதுதான் அந்த இரண்டு ஸ்க்ரூ. ஒன்றில் 'எச்' என்றும், மற்றதில் 'எல்' என்றும் ஆங்கில எழுத்து இருக்கும். 'எச்' சிறிய பல்லின் பக்கத்து வேலி. 'எல்' பெரிய பல்லின் பக்கத்து வேலி. செயின் அந்த இரண்டு வேலிகளையும் தாண்டக் கூடாது என்பதற்காகவே அவை இருக்கின்றன. நடுவில் உள்ள கியர்கள் சரியாக விழவில்லை என்று இவற்றைத் திருகினால் பலன் பூஜ்யம். செயின் பெரிய பல்லையும் தாண்டி ஸ்போக்ஸ் பக்கம் விழுந்தால் 'எல்' ஸ்க்ரூவைக் கடிகார முள் சுற்றுகிற திசையில் கால் சுற்று இறுக்குங்கள். சிறிய பல்லைத் தாண்டி வெளியே விழுந்தால் 'எச்'சை அதே மாதிரி. மற்றபடி அவற்றைச் சும்மா விடுங்கள்.

இவ்வளவும் சரியாக இருந்து, அழுத்தி மிதிக்கும்போது மட்டும் செயின் 'டடக்' என்று நழுவுகிறதா? அது கியரின் குற்றமல்ல, தேய்மானம். குழந்தையின் பள்ளிக்கூட ஸ்கேலை எடுத்துச் செயினை அளந்து பாருங்கள். ஓர் ஆணியின் நடுவிலிருந்து எண்ணி இருபதாவது இணைப்பின் ஆணி வரையில் புதுச் செயினில் சரியாக 254 மில்லிமீட்டர். 255-ஐத் தாண்டிவிட்டால் செயினை மாற்றும் நாள் வந்து விட்டது. 256-ஐயும் தாண்டியிருந்தால் பல்சக்கரங்களும் சேர்ந்து தேய்ந்திருக்கும். புதுச் செயின் மட்டும் போட்டால் அதிகமாக நழுவும். காலாகாலத்தில் செயினை மாற்றினால் பல்சக்கரம் பிழைக்கும்.

கடைசியாக, சாமான் வாங்கும் விஷயம். பிரஷர் குக்கர் காஸ்கெட் எல்லாம் வட்டமாகத்தான் இருக்கின்றன. அதற்காக மூன்று லிட்டர் குக்கருக்கு ஐந்து லிட்டர் காஸ்கெட்டை வாங்குவீர்களா? இங்கேயும் அப்படித்தான். லீவரில் எத்தனை படியோ, பின்னால் அத்தனை பல்சக்கரம் இருக்க வேண்டும். கடைக்குப் போகுமுன் எண்ணிக்கொண்டு போங்கள். '21 கியர்' சைக்கிள் என்றால் முன்னால் மூன்று, பின்னால் ஏழு. ஆறு, ஏழு, எட்டுப் பல்லுக்கு ஒரே அகலச் செயின் போதும். ஒன்பதுக்கு அதைவிட ஒல்லியான செயின். பத்துக்கு இன்னும் ஒல்லி.

டீரெய்லரிலும் ஜாதி உண்டு. வயரை ஒரு மில்லிமீட்டர் இழுத்தால் ஷிமானோவின் ஏழு, எட்டு, ஒன்பது கியர் டீரெய்லர்கள் சுமார் 1.7 மில்லிமீட்டர் நகரும். ஆகவே அவற்றுக்குள் ஒன்றுக்குப் பதில் ஒன்று போடலாம்; பாதகமில்லை. ஆனால் அதே கம்பெனியின் பத்துக் கியர் மலைப்பாதை வகை ஏறக்குறைய 1.2-தான் நகரும். ஸ்ராம் கம்பெனியின் 'ஒன்றுக்கு ஒன்று' வகை சுமார் 1.1. பெட்டியின் மேல் பளபளப்பாக இருக்கிறது என்று இவற்றைக் கலந்தால் மறுபடியும் கொக்கி ஓரிடம், வளையம் ஓரிடந்தான்.

ஹாங்கர் காது இன்னும் மோசம். சைக்கிளுக்குச் சைக்கிள் வடிவம் மாறும். பழையதைக் கழற்றிக் கைப்பையில் போட்டுக்கொண்டு போய், பக்கத்தில் வைத்துப் பார்த்து வாங்குங்கள். புடவைக்கு மேட்சாக ரவிக்கைத் துணி எடுப்பதில் உங்களுக்கு இருக்கிற பொறுமையில் கால் பங்கு போதும். "ஒன்பது கியராக மாற்றி விடலாம்" என்று யாராவது ஆசை காட்டினால், "லீவர், பல்சக்கர அடுக்கு, செயின் மூன்றையும் மாற்றுவீர்களா? பின்சக்கரத்தின் நடு உருளை அந்த அடுக்கை ஏற்குமா?" என்று கேளுங்கள். விலை குறைந்த ஏழு கியர் சைக்கிள்களில் பல்சக்கர அடுக்கு மரையில் திருகி மாட்டுகிற வகை. ஒன்பது பல் அடுக்கு, பள்ளங்களில் செருகி மாட்டுகிற வகை. பின்சக்கரத்தையே மாற்றினால்தான் அது பொருந்தும். இந்தக் கேள்வியைக் கேட்டவுடன் கடைக்காரர் உங்களைப் பார்க்கிற பார்வையே மாறிவிடும்!

அக்கா வீட்டுக் கதைக்கு வருகிறேன். சைக்கிளுக்குப் புது ஹாங்கர், புது டீரெய்லர், வளைந்து போன மூன்று ஸ்போக்ஸ் கம்பிகளுக்குப் பதில் புதியவை. லீவர்? அக்கா எதையும் தூக்கி எறிகிறவள் அல்ல. பழைய ஏழு கியர் லீவரைப் பிஸ்கட் டப்பாவில் பத்திரமாக வைத்திருந்தாள். அதற்கு ஒரு கேடும் இல்லை. மெக்கானிக் அதையே மாட்டினார். மாட்டிவிட்டு உருளையை மட்டும் தாம் தொடவில்லை. "பாப்பா, நீ திருகு" என்றார்.

அவள் அரைச் சுற்றுத் திருகினாள், பெடலைச் சுற்றினாள், காதைச் சாய்த்துக் கேட்டாள். மறுபடி அரைச் சுற்று. 'டக், டக், டக்' என்று ஏழு பல்லிலும் செயின் ஏறி இறங்கியது. எங்கள் வீட்டுப் பெண்ணின் முகத்தில் அப்படி ஒரு பிரகாசத்தை நான் பரீட்சை முடிவு வந்த அன்றுகூடப் பார்த்ததில்லை.

மறுநாள் காலையில் அத்தான் வேன்காரரைக் கூப்பிடப் போனபோது, "அப்பா, ஒரு நிமிஷம் இங்கே வாருங்கள்" என்று அவரைச் சைக்கிளுக்குப் பின்னால் உட்கார வைத்தாளாம். ஒற்றைக் கண்ணை மூடச் சொன்னாளாம். கோடு நேராக இருக்கிறதா என்று கேட்டாளாம். அவரும் பார்த்துவிட்டு, "நேராகத்தான் இருக்கிறது" என்று ஒப்புக்கொண்டாராம். கோடு நேரான பிறகு கோர்ட்டார் தீர்ப்பை மாற்றாமல் என்ன செய்வார்? வேன் வரவில்லை. சைக்கிள் மேம்பாலம் ஏறிப் போயிற்று.

இந்த ஞாயிற்றுக்கிழமை உங்கள் வீட்டுச் சைக்கிளின் பின்னாலும் அரை நிமிஷம் உட்கார்ந்து பாருங்கள், சகோதரிகளே. செயின் மை புடவையில் பட்டால் எப்படிப் போக்குவது என்று உடனே டெலிபோன் செய்யாதீர்கள். என் புடவையிலும் பட்டிருக்கிறது. அது அடுத்த வாரம்!